ஆட்டு முடிக்கு நாலு ஜிபி

எனக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டரிடம் காட்டுகிற வியாதி இல்லை. எங்கே காலி இடத்தைப் பார்த்தாலும் உடனே அதில் எதையாவது போட்டு, இது என்னுடையது என்று ஆக்கிவிட வேண்டும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் சேத்தியாத்தோப்பு பஸ் வந்து நிற்பதற்குள் என் கைப்பை ஜன்னல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். போவது நாங்கள் இரண்டு பேர். பை, துப்பட்டா, தண்ணீர் பாட்டில் என்று மூன்று சீட்டில் துண்டு போட்டிருப்பேன். (ஒருவேளை நடுவுல யாராச்சும் தெரிஞ்சவங்க ஏறினா? இதுவரைக்கும் யாரும் ஏறினதில்ல, அது வேற விஷயம்.)

இந்த வியாதி பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயும் புகுந்து, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் முன்னால் என் மானத்தை வாங்கியது.

செந்திலும் (என் வீட்டுக்காரர்) நானும் ஊரில் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்துப் பீங்கான் பொம்மை செய்கிறோம். ஐந்து பெண்கள் எங்களிடம் வேலை பார்க்கிறார்கள். சொந்தமாகச் சூளை வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏழு யூனிட்டுகள் சேர்ந்து ஒரு பொதுச் சூளையை வைத்திருக்கிறோம். தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி நிற்கும். அதில் தட்டுத் தட்டாகக் காய்ந்த சரக்கை அடுக்கி உள்ளே தள்ளினால் வெந்து வெளியே வரும். எந்தத் தட்டு யாருக்கு என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதலில் போய்த் தட்டின் விளிம்பில் சாக்பீஸால் பெயரை எழுதிவிட வேண்டும். எழுதின பெயரை அடுத்தவர் அழிக்கக் கூடாது. செந்தில் போனால் தேவைக்கு எழுதிவிட்டு வருவார். நான் போனால் இரண்டு தட்டுச் சரக்குக்கு நான்கு தட்டில் 'மஞ்சு' என்று இருக்கும்.

பக்கத்து ஷெட் ரோஸ்லின் அக்காவுக்கு இதனாலேயே என் மேல் தீராத கோபம். அக்கா கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்கிறவர். நான் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை செய்கிறவள். எங்கள் பேட்டையில் சாமி மாறி வேலை செய்வதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தட்டு மாறி வைத்தால்தான் சண்டை.

அந்த வருஷம் எங்களுக்கு நேரம் சரியில்லை. பழைய அச்சு, பழைய பொம்மை, கடைக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே செந்தில் சொன்னார்.

"ஓசூர்ல நம்ம முருகன் இருக்கான் இல்ல, அவன் கம்பெனில ஆளு எடுக்கறாங்களாம். அவன் ரூம்ல எனக்கு ஒரு கட்டில் சொல்லி வெச்சிருக்கேன். இந்த சீசன் ஆர்டர் வரலன்னா ஷெட்ட குடுத்துட்டு நான் கெளம்பறேன் மஞ்சு."

என் மனசுக்குள் கணக்கு ஓடியது. கல்யாணம் ஆகி நான்கு வருஷம், கைக்குழந்தை ஒன்று. இவர் ஓசூரில், நான் இங்கே, ஐந்து பெண்களும் வேறு வேலை தேடி எங்கேயோ. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "ஓசூரும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி ஆர்டர் புடிக்கிறேன் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அளவுக்குத்தான்.

ஆனால் கற்றுக்கொண்டேன். அதை மட்டும் நான் பெருமையாகவே சொல்வேன். ஒரு தவணைக் கம்ப்யூட்டரை வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, களிமண்ணைத் தொடாமலே திரையில் பொம்மை பிடிக்கப் பழகினேன். ஐந்தாவது மாதம் புதுச்சேரி மொத்த வியாபாரி அந்தோணிசாமிக்கு ஒரு மாதாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரே போன் செய்தார்.

"முகம் நல்லா வந்திருக்கும்மா. முழு குடில் செட்டும் இதே மாதிரி பண்ணு. நான் வரும்போது எல்லாத்தையும் ஒண்ணா திரையில சுத்திக் காட்டணும். புடிச்சிருந்தா இந்த சீசன் ஆர்டர் உனக்குத்தான்."

நான் அன்றைக்கே பாதி ராஜ்ஜியம் பிடித்துவிட்டவளைப் போல நடந்தேன். மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இடையன், மாடு எல்லாம் முடிந்தது. கடைசியில் வந்தது ஆடு. சும்மா ஓர் ஆட்டைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் திமிர். கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய் ஒரு செம்மறியை நாலா பக்கமும் போட்டோ எடுத்தேன். ஆடு மேய்த்தவர் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, லோன் குடுக்கவா வந்துருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அந்த ஆட்டின் மேல் ஒவ்வொரு முடிச் சுருளையும் தனித்தனியாகச் செய்தேன். முடி ஒரு பக்கமும் மீதிப் பொம்மைகள் எல்லாம் இன்னொரு பக்கமும் வைத்தால், கம்ப்யூட்டரில் முடிதான் கனம்.

அந்தோணிசாமி சார் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டியது. கிராபிக்ஸ் மெமரி குறைவாக இருக்கிறதாம். கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். படம் காட்டுவதற்கென்றே தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் உண்டு, அதற்குச் சொந்தமாக மெமரி இருக்கும், விலை அதிகம். என்னுடையதில் அது இல்லை. படம் காட்டுகிற பாகம், கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்தே வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மொத்தம் எட்டு ஜிபி. அதில்தான் கம்ப்யூட்டரும் ஓட வேண்டும், படமும் ஓட வேண்டும்.

"அத கொஞ்சம் கூட்டி வெக்க முடியாதாண்ணா?"

"ஆன் பண்ணும்போது டெலிட் பட்டன அமுக்கினா ஒரு நீல ஸ்கிரீன் வரும். அதுல கிராபிக்ஸுக்கு இவ்ளோன்னு தனியா ஒதுக்கலாம். ஆனா வேணாம்மா, ஆட்டோலயே இருக்கட்டும். அதுவே தேவைக்கு எடுத்துக்கும், வேல முடிஞ்சா திருப்பி..."

நான் 'ஒதுக்கலாம்' என்ற சொல்லோடு போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. நீலத் திரைக்குள் போனேன். கிராபிக்ஸுக்கு இரண்டு ஜிபி என்று மாற்றினேன். மாதாவை மட்டும் திறந்து சுற்றிப் பார்த்தேன், பட்டுப் போலச் சுற்றியது. உடனே ஷெட்டில் இருந்த ஐந்து பெண்களையும் கூப்பிட்டு, "பைசா செலவில்லாம ரெண்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டேன்" என்று அறிவித்தேன். அவர்கள் கை தட்டினார்கள். (என்னான்னு தெரியாமதான் தட்டினாங்க. எனக்கும் தெரியாது, அதனால சரியாப் போச்சு.)

மறுநாள் காலை முதல் வேலையாகச் சூளைக்குப் போய் நான்கு தட்டில் 'மஞ்சு' எழுதினேன். அன்றைக்கு எங்களிடம் வேக வைக்க ஒரு பொம்மைகூட இல்லை. ஆர்டர் கிடைத்துவிட்டால் உடனே மாதிரி வேக வைக்க இடம் வேண்டாமா? அதற்காக.

பத்து மணிக்கு அந்தோணிசாமி சார் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, அளந்து பேசுகிற மனிதர். டீயும் பகோடாவும் கொடுத்து உட்கார வைத்தோம். செந்தில் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அது ஆர்டர் மட்டும் இல்லை, ஓசூர் பஸ்ஸா வீடா என்கிற கேள்வி. அவர் முகத்தைப் பார்க்காமல் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முழு செட்டையும் திறந்தேன். கூடவே பின்னணிக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு ஓட விட்டிருந்தேன், பழைய பொம்மைகளின் போட்டோக்களும் ஒரு பக்கம் திறந்திருந்தன. (கல்யாண மண்டபம் மாதிரி ஏற்பாடு.) மாதா வந்தார். சூசையப்பர் வந்தார். ராஜாக்கள் ஒவ்வொருவராக, ரேஷன் கடை வரிசையில் வருவதுபோல வந்து சேர்ந்தார்கள். ஆடு வந்தது. நான்கு கால் மட்டும் வந்தது. உடம்பு வரவில்லை.

"இது என்னாம்மா, ஸ்டூலா?" என்றார் சார்.

"ஆடு சார். முடி வந்துட்டிருக்குது."

முடி வரவில்லை. மௌஸை இங்கே நகர்த்தினால் அது ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டில்தான் அங்கே போனது. எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. (புரியல. புரிஞ்சிட்டதா நெனச்சேன்.) இரண்டு ஜிபி பற்றவில்லை. ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடம் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம் சார், சின்ன செட்டிங்" என்று ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை. கிராபிக்ஸுக்கு நாலு ஜிபி. கைக்கு எட்டின வரைக்கும் பிடித்துவிட்டேன். செந்தில் பக்கத்தில் வந்து குனிந்து, "சரியா வருமா?" என்று கேட்டார். "நீங்க சும்மா நில்லுங்க, எனக்குத் தெரியும்" என்றேன். அந்த வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் எப்போதெல்லாம் சொல்லியிருக்கிறேனோ அப்போதெல்லாம் ஏதாவது ஒன்று விளங்காமல் போயிருக்கிறது.

இந்த முறை ஆட்டின் கால்கூட வரவில்லை. மாதா பாதியில் நின்றார். திரை வெள்ளையாக வெளிறியது. பாட்டு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு இழுத்தது. மேலே 'பதிலளிக்கவில்லை' என்று ஒரு வரி வந்தது. சார் பகோடாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தார்.

"பரவால்லம்மா. நெய்வேலியில ஒருத்தரப் பாக்கணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் எங்களுக்கு ஷெட் ஏது? செந்தில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். முருகனுக்குப் போன் செய்யத்தான் எடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோஸ்லின் அக்கா உள்ளே வந்தார். கையெல்லாம் களிமண், முகமெல்லாம் கோபம்.

"ஏம்மா மஞ்சு, நீ என்னாதான் நெனச்சிட்டு இருக்கிற? நாலு தட்டுலயும் உம் பேரு இருக்குது. ஒரு தட்டுலயாச்சும் ஒரு பொம்ம இருக்குதா?"

"அக்கா, சார் வந்திருக்காரு. அப்பறம் பேசிக்கலாம்."

"சார் இருக்கட்டும், அவரும் கேக்கட்டும். எங்க அகலு பூரா வெளிய கெடக்குது. வண்டி பாதி காலியா உள்ள போவுது. நீ வெக்கவும் மாட்ட, வெக்கிறவங்கள வுடவும் மாட்ட. காலியா கெடக்கறதுக்கு எதுக்கு உனக்கு நாலு தட்டு?"

எனக்குப் பதில் சொல்ல வாய் திறந்தது. அதற்குள் அக்கா சொன்னது மறுபடி காதில் ஓடியது. வண்டி பாதி காலி. சரக்கு வெளியே. நான் அக்காவைப் பார்த்தேன், வெளிறிக் கிடந்த திரையைப் பார்த்தேன்.

எட்டு ஜிபி என்கிற வண்டியில் நான்கு தட்டில் நான் 'மஞ்சு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த நாலில் பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் காலியாகக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் அதைத் தொடக் கூடாது, ஏனென்றால் பெயர் எழுதிவிட்டேன். பொம்மைகளைத் திறந்து வைத்து வேலை பார்க்கிற பாகம் மீதி நாலில் மூச்சு முட்டிக்கொண்டு, ஆட்டு முடி முழுவதையும் வெளியே வைத்துக்கொண்டு நிற்கிறது. நான் இடம் கொடுக்கவில்லை, இருந்த இடத்தையும் அடைத்துவிட்டேன். கடைக்காரர் பாவம் இதைத்தானே முந்தின நாள் சொல்ல வந்தார்.

"ஏங்க, போயி அந்த நாலு தட்டுலயும் எம் பேர அழிச்சிட்டு வாங்க" என்றேன்.

"நாலையுமா?" என்றார் செந்தில். நான்கு வருஷத்தில் என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை.

"நாலையும்தான். அக்கா வெச்சிக்கட்டும்."

ரோஸ்லின் அக்கா திகைத்துப் போனார். இன்னும் அரைமணி நேரத்துக்குச் சண்டை தயார் செய்துகொண்டு வந்தவர். கேட்டதைக் கொடுத்துவிட்டால் மீதிச் சண்டையை அவர் எங்கே கொண்டு போய் வைப்பார்? போகவும் மனமில்லாமல் கதவோரமாக நின்றுவிட்டார்.

"சார், அஞ்சே நிமிஷம்" என்றேன். "ஆடு வரலன்னா நானே உங்கள கார் வரைக்கும் கொண்டாந்து வுட்டுடறேன்."

சார் எழுந்திருந்தவர், ரோஸ்லின் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இரண்டு பேர் சண்டை போடுகிற இடத்தை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

மூன்றாவது தடவை ரீஸ்டார்ட். நீலத் திரை. நாலு ஜிபியை எடுத்துவிட்டு ஆட்டோவில் வைத்தேன். கையில் பிடித்ததை விட்டு எனக்குப் பழக்கமில்லை. பாட்டு வேண்டாம், போட்டோ வேண்டாம், கல்யாண மண்டபம் வேண்டாம். செட்டை மட்டும் திறந்தேன்.

மாதா வந்தார். சூசையப்பர், குழந்தை, ராஜாக்கள், இடையன், மாடு. ஆட்டின் நான்கு கால் வந்தது. பிறகு உடம்பு வந்தது, முகம் வந்தது, அதன் மேல் சுருள் சுருளாக, கருவேப்பிலங்குறிச்சியில் பார்த்த அதே முடி, ஒன்று விடாமல் வந்து உட்கார்ந்தது. மௌஸைத் தொட்டேன். மொத்தக் குடிலும் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றினேன். வேண்டுமென்றே மூன்றாவது சுற்றும் சுற்றினேன். எனக்கு அப்போது பேட்டை முழுக்க ஓடிப்போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. சூளையிலிருந்து திரும்பி வந்த செந்தில், கையில் சாக்பீஸ் தூளோடு, வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா" என்றார். அளந்து பேசுகிறவர், அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "ஆடு சரி. இந்த முடி எல்லாம் அச்சுல இருந்து எப்பிடிக் கழலும்? ஒவ்வொரு சுருளுலயும் அச்சு மாட்டிக்கும். பாதி ஆடு அச்சுலயே நிக்கும்."

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பதினைந்து வருஷமாக அச்சில் கை வைத்தவர். நான் திரையிலேயே குடியிருந்ததில் களிமண்ணை மறந்தே போய்விட்டேன். எந்த முடிக்காக நாலு ஜிபி பிடித்தேனோ, அந்த முடி ஒன்றுகூட களிமண்ணில் வராது.

சார் சிரித்துவிட்டார். "மேலாப்புல கோடு மாதிரி போட்டுக்குங்க, அது போதும். முகம்தான் முக்கியம், அது நல்லா இருக்குது" என்றவர், எத்தனை செட்டு வேண்டும் என்பதைச் சொன்னார். நான் கனவில்கூட எண்ணாத எண்ணிக்கை. அவரே தொடர்ந்து கேட்டார், "இவ்ளோவும் ஒரே யூனிட்டால முடியுமா?"

முடியும் என்று சொல்லத்தான் நாக்கு கிளம்பியது. மொத்தத்தையும் பிடித்துப் போட்டுவிட வேண்டும் என்கிற அதே வியாதி. நான் ஒரு நிமிஷம் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்களால மட்டும் முடியாது சார். டிசைனும் முகமும் நாங்க பண்றோம். அச்சும் பாதி செட்டும் ரோஸ்லின் அக்கா பண்ணுவாங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மீதி இருந்த பகோடாவை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அதுதான் சம்மதம்.

சார் முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கார் கேட்டைத் தாண்டினதும் நான் செந்திலிடம் போனேன்.

"ஓசூருக்குப் போன் போடுங்க. அந்தக் கட்டில வுட்டுடுங்க."

"இப்பவேவா? இருக்கட்டுமே, ஒருவேள..." என்று இழுத்தார் அவர். நான்கு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினதில் வியாதி அவருக்கும் ஒட்டியிருந்தது.

"ஒருவேளையெல்லாம் இல்ல. நீங்க அங்க போவப் போறதில்ல. காலியா கெடக்குது, வேற யாருக்காச்சும் ஆவட்டும்."

அவர் என் முன்னாலேயே போன் செய்தார். "முருகா, நான் வரலடா. கட்டில வேற ஆளுக்குக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அடக்காமல் அழுதேன். "இதுக்கு ஏன்டி அழுவற, ஆர்டர்தான் வந்துடுச்சே" என்று ரோஸ்லின் அக்கா உள்ளேயிருந்து அதட்டினார்.

இப்போது பேட்டையில் ஒரு சட்டம் இருக்கிறது. பத்து மணிக்குள் சரக்கு ஏறாத தட்டில் யார் பெயர் இருந்தாலும் யாரும் அழிக்கலாம். அதற்கு 'மஞ்சு ரூல்' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பெரிய அதிகாரியின் பெயர் என்று நினைக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. வீட்டில் யாராவது பாத்ரூமைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினால், சோபாவில் காலை நீட்டி மூன்று பேர் இடத்தை அடைத்தால், "ஆட்டு முடிக்கு நாலு ஜிபியா?" என்று அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த என் மகளே கேட்கிறாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பழக்க தோஷத்தில் என் பை மூன்றாவது சீட்டில் போய் விழுந்தது. பின்னால் நின்ற செந்தில் மெல்ல "மே..." என்றார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஓசூரில் அந்தக் கட்டிலில் இப்போது திட்டக்குடிக்காரர் ஒருவர் படுத்திருக்கிறாராம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கென்று முருகன் விலாசத்துக்கு நான் ஒரு பார்சல் அனுப்புகிறேன். உள்ளே வைக்கோல் சுற்றி, முடியே இல்லாத ஒரு பீங்கான் ஆடு. இதை எதற்கு அனுப்புகிறார்கள் என்று அவருக்கு இதுவரை தெரியாது.